ஒலிபெருக்கிக்கு முந்தைய குரல்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் திரை விருத்தம் தெரியும். இருவர் பிடித்திருக்கும் துணிக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் பாடுவார். முகம் தெரியாது, குரல்தான் முதலில் சபைக்கு வரும். திரௌபதி வேஷமானாலும் கட்டுபவர் ஆண்தான். துகிலுரியும் கட்டத்தில் அவர் எடுக்கும் மேல்ஸ்தாயி, சுவரும் கூரையும் இல்லாத வெளியில் கடைசி வரிசைப் பாட்டியின் காதுவரை போயாக வேண்டும். விடியும்வரை தொண்டையும் தாங்க வேண்டும்.

ஜெர்மனியின் புகழ்பெற்ற சோப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண் குரல்) பாடகிகள் கடந்து வந்ததும், ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசையை எட்டும் இதே சோதனையைத்தான். வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியன்ட் 1822இல், தம் 17ஆம் வயதில், வியன்னாவில் பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’வில் லியோனோராவாக நின்றார். சிறைப்பட்ட கணவனை மீட்க ஆண் வேடம் பூணும் மனைவி அவள். பிற்காலத்தில் வாக்னரின் ‘ரியன்ட்ஸி’ 1842இல் அரங்கேறியபோது அட்ரியானோ என்ற இளைஞனாகவே பாடினார். லோட்டே லேமன், ‘ரோசன்கவாலியர்’ ஆப்பராவின் மூன்று முக்கியப் பெண் குரல் பாத்திரங்களையும் தம் வாழ்நாளில் பாடியவர். அவற்றுள் ஆக்டேவியன் ஓர் ஆண் பாத்திரம். எங்கள் கூத்தில் ஆண் பெண்ணாகிறான், அங்கே பெண் ஆணாகிறாள். இரண்டிடத்திலும் சபை நம்புவது குரலை.

தமிழில் இந்த வரிசைக்கு நிகராக நான் வைப்பது கே. பி. சுந்தராம்பாளை. கொடுமுடியில் 1908இல் பிறந்து, நாடகக் கொட்டகையில் சிறுவன் வேடத்தில் தொடங்கியவர். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்ச ரூபாய் இன்றும் பேசப்படுகிறது. 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்ததும், சுந்தராம்பாள் உடுத்திய வெள்ளைச் சேலையும், ஆண் ஜோடியோடு இனி நடிப்பதில்லை என்ற உறுதியும் நமக்கு மனப்பாடம். அவர் மூச்சை எங்கே எடுத்தார், வல்லினத்தை எப்படி வெட்டி நிறுத்தினார் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த மகத்தான கலைஞரை ஒரு சோகக் கதைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம் என்பது என் வருத்தம்.

அவர் உச்சரிப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சோப்ரானோ பாடகி மேலே ஏற ஏற வாயைப் பெரிதாகத் திறக்கிறார். வாய்க்குள்ளிருக்கும் காற்றின் ஒத்ததிர்வு பாடும் சுருதியோடு இணைவதால்தான் பெரிய வாத்தியக் குழுவையும் மீறி அக்குரல் கேட்கிறது. அதற்கு விலை, உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பிப்போவது. உச்சியில் சொல் புரியாது. நம் நாடகமேடை இந்த விலையைக் கொடுக்க மறுத்தது. உச்ச ஸ்தாயியில் நின்றாலும் சுந்தராம்பாளின் ழகரமும் றகரமும் தனித்தனியே விழும். கூத்து வாத்தியார்களும் பிள்ளைகளை முதலில் திருத்துவது உச்சரிப்பைத்தான்.

ஜெர்மானியப் பாடகிகள் தம் வித்தையை எழுதியும் வைத்தார்கள். இன்னொரு பாடகியான லில்லி லேமன் 1902இல் குரல் பயிற்சி நூல் வெளியிட்டார். நாக்கு, அண்ணம், மூச்சு ஒவ்வொன்றும் எந்த ஸ்வரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பது அதில் படங்களோடு இருக்கிறது. லோட்டே லேமன் 1951இல் நியூயார்க் டவுன் ஹாலில் விடைபெறும் கச்சேரியை ஷூபர்ட்டின் பாடலோடு முடிக்கப்போய், கடைசி அடியில் குரல் உடைந்து பாட முடியாமல் நின்றார். அதன்பின் பல ஆண்டுகள் கலிஃபோர்னியாவில் இளம் பாடகர்களுக்குக் கற்பித்தார். மேடையில் நின்ற குரல் மாணவர்களின் தொண்டையில் தொடர்ந்தது.

நம் கூத்துக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும். செஞ்சி, மயிலம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பெண் வேஷம் கட்டிய முதிய கலைஞர்களின் பாட்டை ஒலிப்பதிவாளர்கள் சிலர் பதிந்திருக்கக்கூடும். பாட்டு மட்டும் போதாது. அக்கலைஞர்கள் சாதகம் செய்த முறை, இரவு முழுக்கப் பாடத் தொண்டையைக் காத்த விதம், எந்த வயதில் எந்த வேஷத்தை விட்டார்கள் என்பதும் அவர்கள் வாயாலேயே பதிவாக வேண்டும். இந்தத் திருவிழாப் பருவத்திலேயே, ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு குழு அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும்.