தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்ட இரு பெரியவர்கள்



"ஐயா, எங்க அப்பத்தா பாடுற தாலாட்டு என்ன ராகம்? கண்மாய்க் கரையில கிடக்குற சிலை யாரோடது?" என்று உங்களில் சிலர் அவ்வப்போது கேட்கிறீர்கள். நான் வரலாற்றுப் பாடம் நடத்தியவன். எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருக்காது. தெரிந்த வேறொருவரிடம் கேளுங்கள் என்றால், "முன்பின் தெரியாதவங்ககிட்ட எப்படிக் கேட்குறது?" என்று தயங்குகிறீர்கள். தயங்காமல் கேட்ட இரண்டு பெரியவர்களின் கதையைச் சொல்கிறேன்.

முதலாமவர் உ.வே.சாமிநாதையர். 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதுவரை படித்ததில்லை. படிக்கத் தொடங்கினால், அது சமண நூல். சைவ மரபில் கற்றவருக்குப் பல சொற்கள் பிடிபடவில்லை. உடனே அந்த ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் என்பவர் சமண சமயச் செய்திகளை அவருக்கு விளக்கினார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் இன்னொரு சமயத்தாரின் வீடு தேடிப் போய்ப் பாடம் கேட்டார். அந்த உழைப்பால் 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

1892இல் அவர் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தார். அரங்கேற்று காதையிலும், அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையிலும் பழந்தமிழ் இசையைப் பற்றிய செய்திகள் நிறைய உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் தமிழ்ப் பெயர்கள் வருகின்றன. பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை நிறுத்திக் கணக்குப் பார்க்கும் வட்டப்பாலை முறை வருகிறது. நூல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணக்கை வீணையில் எப்படி வாசித்துக் காட்டுவது? அதைப் புலவர்கள் மட்டும் கூடிச் சொல்லிவிட முடியாது. இசைக் கலைஞர்களும் வேண்டும்.

இங்கேதான் இரண்டாமவர் வருகிறார், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பாடம் நடத்தியவர். பிறகு சித்த மருத்துவராகித் தஞ்சையில் நிலைத்தார். மருந்தில் வந்த வருமானத்தை இசையாராய்ச்சியில் போட்டார்.

ஒரு தாயிக்குள் சுருதிகள் எத்தனை என்பது அவரைக் குடைந்த கேள்வி. தாயி என்றால் ஒரு சட்சமத்திலிருந்து அடுத்த சட்சமம் வரையுள்ள இடைவெளி. வடமொழி நூல்கள் வழியாக வந்த கணக்கு 22. சிலப்பதிகார முறையை வைத்துப் பார்த்தால் 24 என்பது பண்டிதர் கண்ட முடிவு. அவர் அதை எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916 வரை தஞ்சையில் ஏழு மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் நடத்தினார். பாடகர்கள், வீணை வித்துவான்கள், நூல் கற்றவர்கள் எல்லாரையும் அழைத்து, தம் கணக்கை அவர்கள் முன் வைத்தார். மறுப்பவர்கள் மறுக்கட்டும் என்று பேச விட்டார்.

1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. அங்கேயும் போனார். அவர் சொன்னதை மகள் மரகதவல்லி வீணையில் வாசித்துக் காட்டினார். சபை முழுவதும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. சுருதி வழக்கு அங்கே தீரவுமில்லை. மறு வருடம், 1917இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரத்தைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டார். 1919இல் காலமானார்.

அவர் விட்ட கேள்வியை இலங்கை மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலாநந்த அடிகள் வேறு கோணத்தில் தொடர்ந்தார். பல ஆண்டுகள் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.

இதிலிருந்து நமக்கு மூன்று பாடங்கள் உண்டு. கேட்குமுன் நம்மால் முடிந்ததைப் படித்து, எந்த இடத்தில் சிக்கல் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். புத்தகம் படித்தவரோடு, அந்தக் கலையைக் கையில் வைத்திருப்பவரிடமும் கேட்க வேண்டும். மறுத்துச் சொல்பவரையும் மரியாதையோடு கேட்டு, அவர் சொன்னதையும் எழுதி வைக்க வேண்டும்.

நம் பக்கம் வறண்ட பூமிதான். ஆனால் கேட்பதற்கு விஷயம் குறைவில்லை. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிலைகள் இருக்கின்றன. அது யார் சாமி என்று ஐயர் போல ஒரு சமணரிடமே கேட்கலாம். வீரசோழனில் ஒப்பாரி, கும்மி, முனாஜாத்து பாடத் தெரிந்த பெரியவர்கள் வயதாகிக்கொண்டே போகிறார்கள். சிலை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். பாட்டு அப்படி இருக்காது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, வீட்டுப் பெரியவர் பாடுவதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்தச் சமயத்தில் பாடுவார்கள் என்பதையும் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு நாதஸ்வர வித்துவானிடமோ பாட்டு வாத்தியாரிடமோ போய், "இது என்ன பண், சொல்லுங்கள் ஐயா" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.