அரங்கை அளக்கும் மாணவர்: மேல்நிலைப் பள்ளியில் நாடக ஆய்வு

மேல்நிலைத் தமிழ்ப் பாடநூலில் மனோன்மணீயம் சில அடிகளாகவும் ‘நூல்வெளி’ என்ற கட்டத்துக்குள் ஒரு குறிப்பாகவும் வந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அப்படித்தான் வந்தது. மாணவர் அடிகளை மனப்பாடம் செய்கிறார். நூல்வெளியிலிருந்து ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுகிறார். நாடகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் முன்னுரை, ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், நயம், முடிவுரை என்று உள்தலைப்புகளை வரிசையாகப் போட்டு நிரப்புகிறார். இந்த வடிவத்தில் எங்கும் ஒரு கேள்விக்கு இடமில்லை. கேள்வி இல்லாததால் சான்று தேவைப்படுவதில்லை. சான்று தேவைப்படாததால் நூலைத் திறக்க வேண்டியதுமில்லை. பதினாறு, பதினேழு வயதில் உண்மையான ஆய்வு முடியும் என்பதும், அதற்கு நாடகமே மிகப் பொருத்தமான களம் என்பதும் இக்கட்டுரையின் வாதம். நாடகம் ஓர் இடத்தில், சில உடல்களால், ஒரு விளக்கொளியில் நடந்த செயல். அதனால் அதைப் பற்றிய கேள்விகளைக் கைக்கெட்டும் பொருள்களிலிருந்தே தொடங்கலாம்.

அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்வோம். மாதவி ஆடிய மேடையின் அளவை இளங்கோவடிகள் துல்லியமாகத் தருகிறார்: இருபத்துநான்கு விரல் ஒரு கோல், அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், மேடையின் உயரம் ஒரு கோல், மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல். உரைமரபு அந்த விரலைப் பெருவிரல் என்கிறது. மாணவர் தம் பெருவிரலின் அகலத்தை அளக்கட்டும். ஏறத்தாழ 2 செ.மீ. வரும். அப்படியானால் ஒரு கோல் 48 செ.மீ.; மேடை 3.84 மீட்டர் நீளம், 3.36 மீட்டர் அகலம். வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் இதை வரையலாம். வரைந்ததும் சிக்கல் கண்முன் நிற்கும். மேடைப் பலகைக்கும் உத்தரத்துக்கும் இடையே கிடைக்கும் உயரம் 1.92 மீட்டர்தான். தலைக்கோலம் அணிந்த ஆடற்பெண் கையை உயர்த்தினால் உத்தரப் பலகையில் இடிக்காதா?

விரலின் அகலத்தை விட்டு நீளத்தை எடுத்தால் என்ன? 6 செ.மீ. என்று வைத்தால் உத்தரம் 5.76 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. மேடை நீளம் 11.5 மீட்டரைத் தாண்டுகிறது; மேடையே தரையிலிருந்து 1.44 மீட்டர் எழும்பி நிற்கிறது. எது சரி? இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம் என்று கணக்கிடும் நாட்டிய சாஸ்திரத்தையும் சிற்ப நூல்களையும் ஒப்பிட்டால் அகலக் கணக்கே வலுப்பெறுகிறது. என் சாய்வும் அதுவே. ஆனால் ஆடலின் தேவை மறுபக்கம் இழுக்கிறது. இரண்டில் ஒன்றை ஏற்று, மற்றதற்கு மறுப்புச் சொல்லி மூன்று பக்கம் எழுதும் மாணவர் ஆய்வு செய்துவிட்டார். தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைத்த செய்தியும் மூன்றுவகை எழினிகளும் (திரைகளும்) அதே காதையில் இருக்கின்றன. விளக்கை எங்கே வைத்திருக்க முடியும் என்று பார்க்க, இயற்பியல் ஆசிரியரையும் துணைக்கு அழைக்கலாம்.

அடுத்த படி, மூலத்தோடு ஒப்பிடுவது. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. லிட்டன் பிரபுவின் ஓர் ஆங்கிலக் கதைப்பாட்டைத் தழுவியது என்பதை அவர் மறைக்கவில்லை. ‘தழுவல்’ என்று எழுதிவிட்டு நகர்வதுதான் நம் வழக்கம். ஆய்வு அங்கேதான் தொடங்க வேண்டும். லிட்டனின் கதை நடப்பது சித்தியாவும் பாரசீகமும் சார்ந்த தொல்லுலகில். கனவில் கண்ட காதலும் சுரங்கவழியும் அங்கிருந்து வந்தவை. நாஞ்சில் நாட்டுப் பூசல் அங்கிருந்து வரவில்லை. பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் போர் மூள நாஞ்சில் நாட்டை ஏன் காரணமாக்கினார்? சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர். தமிழ் பேசும் நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தது. நாடகம், கல்வெட்டாராய்ச்சி, அரசியல் நிலவரைபடம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவர் கேட்கக்கூடிய கேள்வி இது. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடலாக மட்டும் அறிந்த நூல் அப்போது அவருக்கு வேறு முகம் காட்டும்.

மூன்றாவது வகைச் சான்று மனிதரின் நினைவு. இதைச் சொல்லும்போது சென்னையின் நங்கநல்லூரை நான் மனத்தில் வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் நிறைந்த பகுதி. சபா நாடகங்களைப் பல்லாண்டு பார்த்த தாத்தா பாட்டிகள் மாணவரின் வீட்டிலேயே இருக்கக்கூடும். சோவின் ‘முகமது பின் துக்ளக்’ பற்றியும் பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ பற்றியும் அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அன்பினால் கேட்பதும் ஆய்வாகக் கேட்பதும் வேறு. இவ்விரண்டும் மேடைக்குப் பின் திரைக்கும் போனவை. சொல்பவரின் நினைவில் மேடைக்காட்சியும் படக்காட்சியும் கலந்திருக்கும். “தாத்தா, இதை எந்த சபாவில் பார்த்தீங்க? யார் கூட வந்தாங்க? டிக்கெட் எவ்வளவு?” என்று கேட்டால் எது மேடை நினைவு என்பது மெல்லப் பிரியும். மிச்சத்தைப் பழைய நாளிதழ் விளம்பரங்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அருகிலுள்ள பழவந்தாங்கலில் மின்ரயில் ஏறினால் எழும்பூரில் கன்னிமாரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ்நாட்டில் பெரும்பாலான மாணவருக்கு இல்லாத வாய்ப்பு இது.

அச்சில் வந்த நினைவுகளையும் இதே கண்ணோடு படிக்கப் பழக்க வேண்டும். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ‘நாடக மேடை நினைவுகள்’ எழுதினார். சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் வளர்ந்த தி.க. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ எழுதினார். முன்னவர் வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. படித்தவர்கள் பொழுதுபோக்காக நடித்த சபையைச் சேர்ந்தவர். பின்னவர் சிறுவயதிலேயே நடிப்பைப் பிழைப்பாகக் கொண்டவர். ஒத்திகை, ஊதியம், பெண்வேடம் ஆகியவற்றில் ஒன்றைப் பற்றி இருவரும் சொல்வதைப் அருகருகே வைத்தால், சொல்பவர் நிற்கும் இடம் சொல்லப்படுவதை எப்படி மாற்றுகிறது என்பது கோட்பாட்டுச் சொல் ஒன்றுமின்றியே விளங்கும். கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகத்துக்குச் சிறப்பு ரயில் ஓடியதாக எத்தனையோ கட்டுரைகள் சொல்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிய சங்கிலியை மாணவர் பின்னோக்கிப் பிடித்துச் செல்லட்டும்.

பொதுத்தேர்வு நெருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முழு நாடக வரலாற்றையும் சொல்லித்தர முயன்றால் நேரம் போதாதுதான். ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் ஒரு சிறு கேள்வி போதும். பதினொன்றாம் வகுப்பின் முதற்பாதி அதற்கு ஏற்ற காலம். கட்டுரையின் முதல் பத்தியில் கேள்வியும் தம் விடையும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் அங்கமும் களமும், அல்லது பக்க எண்ணும் காட்ட வேண்டும். தம் விடைக்கு எதிரான மிக வலுவான சான்றை மாணவரே எடுத்துவைத்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உள்தலைப்புகளும் அடைமொழிகளும் வேண்டாம். “ஒப்பற்ற நாடகம்” என்று எழுதினால், எதோடு ஒப்பிட்டாய் என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதட்டும்.

மதிப்பிடும்போது முடிவு சரியா என்பதற்கு மேலாகச் சான்று முடிவைத் தாங்குகிறதா என்பதற்கு மதிப்பெண் தர வேண்டும். கோலை 1.44 மீட்டர் என்று வாதிட்ட கட்டுரை எனக்கு உடன்பாடில்லாததாக இருந்தும் முதலிடம் பெறலாம். அந்தக் கட்டுரைகள் பள்ளி நூலகத்தில் பெயரும் ஆண்டும் இட்டு வைக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அவற்றைப் படித்து, அங்கே சொன்னதை மறுத்தோ நீட்டியோ தம் கேள்வியைத் தொடங்குவார்.