கல்லோயா: ஒளியும் நீரும்

மலையில் வீழும் நீர் விளக்காகிறது. சமவெளியில் பாயும் நீர் நெல்லாகிறது. இலங்கையில் முதற்பயனை முன்னரே உணர்ந்து கூறியவர் பொறியியலாளர் விமலசுரேந்திரா. 1918ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருத்து, 1950இல் லக்சபானா மின்நிலையமாக உருப்பெற்றது. இரண்டு பயன்களையும் ஒருங்கே நாடியதே கல்லோயாத் திட்டமாகும்.

தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்க மொறிசன் நட்சன் கம்பனியார் பேரணை எழுப்பினர். பணியை நடத்துவதற்கென 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்காவில் 1933இல் தோன்றிய தெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையே அதற்கு முன்மாதிரி. நீர்த்தேக்கம் சேனநாயக்க சமுத்திரம் எனப் பெயர் பெற்றது. இங்குள்ள மின்நிலையத்தின் ஆற்றல் ஏறத்தாழ 11 மெகாவாட் மாத்திரமே. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நிலையத்தின் 210 மெகாவாட்டோடு ஒப்பிட்டால் இது சிறிது. காரணம் எளிது: இங்கே அணை திறப்பது பயிருக்காக, மின்சாரம் அதன் உபபயன்.

ஆயினும் அணை நீரை மட்டுமன்றி, நிலத்தையும் மக்களையும் பங்கிட்டது. காட்டை வெட்டித் திருத்திய நிலங்களில் குடியேற்றங்கள் எழுந்தன. யாருக்கு எவ்வளவு நிலம் என்னும் கேள்வி அரசியலாயிற்று. 1956 ஜூன் மாதத்தில் அங்கே மூண்ட வன்செயலில் தமிழர் பலர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டின் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தத்தில் குடியேற்றம் முக்கிய விடயமாக இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு பின்னணி. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. நவகிரிக் குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் வெல்லாவெளி, போரதீவுப்பற்று உழவர், மேட்டு நிலத்து முடிவுகள் தாழ்நிலத்து வயலை எவ்வாறு தீண்டும் என்பதை நன்கறிவர்.

எனினும் கதை அங்கே முடியவில்லை. இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள உழவரும், கடைக்கோடியில் தமிழ் உழவரும் இருந்தனர். முந்தியவர் வேண்டிய மட்டும் எடுக்க, பிந்தியவர் வயல் வறண்டது. 1980களின் தொடக்கத்தில், விவசாய ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகமும் துணை நிற்க, உழவர் குழுக்கள் அமைந்தன. சமுத்திரத்தில் நீர் அருகியிருந்த 1981இல், தலைப்பகுதியினர் முறைவைத்துச் சிக்கனமாகப் பாய்ச்சி, மிச்சத்தைக் கடைக்கோடிக்கு விட்டனர். ஒருவர் மொழியை மற்றவர் அறியாதபோதும் நீர்முறை புரிந்தது.

அணையை எழுப்பப் பொறியியல் போதும். அதன் நீரை நீதியாகப் பகிர, வாய்க்காலின் இரு முனைகளிலும் உள்ளவர்கள் ஒருவரையொருவர் கண்டு பேசவேண்டும். கல்லோயாவின் வரலாறு கற்பிப்பது இதுவே.