கப்பல் மூழ்கிய பிறகும் ஒரு கேப்டன்

வேலைப்பளு, மேலதிகாரியின் சிடுசிடுப்பு, பக்கத்து மேசைக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாத நிலை, எப்போது வேலை போகுமோ என்ற பயம்... இவையெல்லாம் எல்லா அலுவலகத்திலும் உள்ளவைதான். மாலை ஆனால் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது மட்டுமே ஆறுதல். ஆனால் அலுவலகமே கடலுக்குள் மூழ்கிப்போய், சக ஊழியர்கள் 27 பேரோடு ஒரு பனிக்கட்டியின் மேல் மாதக்கணக்கில் குடியிருக்க வேண்டும் என்றால்?

1915-இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டனுக்கு அதுதான் நடந்தது. இன்று மேலாண்மை படிக்கும் மாணவர்களுக்கு அவர் கதையைப் பாடமாகச் சொல்லுகிறார்கள். ஆனால் பாடத்தில் ஒரு தச்சரைப் பற்றிய பகுதியை மட்டும் சீக்கிரமாகப் புரட்டிவிடுகிறார்கள். அதையும் சேர்த்துப் பார்ப்போம்.

ஷாக்கிள்டன் 1874-இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1909 ஜனவரியில் தென் துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் தூரம் வரை போய்விட்டு, இன்னும் முன்னேறினால் கூட வந்தவர்கள் உயிரோடு திரும்ப மாட்டார்கள் என்று தெரிந்து திரும்பி வந்தவர். துருவத்தை 1911 டிசம்பரில் அமுண்ட்சென் தொட்டுவிட்டார். மிச்சம் இருந்த ஒரே சாதனை, அண்டார்க்டிகாவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே கடப்பது. அதற்காகத்தான் 'என்டூரன்ஸ்' கப்பல் 1914 ஆகஸ்டில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. அதே வாரத்தில் முதல் உலகப்போர் தொடங்கியது.

(இந்தப் பயணத்துக்கு ஆள் சேர்க்க அவர் நாளிதழில் கொடுத்ததாக ஒரு விளம்பரம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. குறைந்த சம்பளம், கடுங்குளிர் என்றெல்லாம் போகும். பலர் பல வருடம் தேடியும் எந்தப் பழைய நாளிதழிலும் அது கிடைக்கவில்லை. கட்டுக்கதை என்றே வைத்துக்கொள்ளலாம்.)

விளம்பரம் பொய்யாக இருக்கலாம், ஆனால் ஆள் எடுத்த விதம் நிஜமாகவே விசித்திரமானது. ரெஜினால்ட் ஜேம்ஸ் என்ற இயற்பியல் அறிஞரிடம் நேர்காணலில் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, பாட வருமா என்பது. பெரிய சங்கீதம் வேண்டாம், மற்றவர்களோடு சேர்ந்து கத்தத் தெரிந்தால் போதுமாம். இருட்டில் மாதக்கணக்கில் அடைந்து கிடக்கப் போகிறவர்களுக்கு எது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1915 ஜனவரியில் வெட்டெல் கடலில் கப்பல் உறைபனியில் சிக்கிக்கொண்டது. நகரவே முடியவில்லை. செய்ய வேலை இல்லாத மாலுமிகள், ஆராய்ச்சிக்கு வந்த விஞ்ஞானிகள், அதிகாரிகள் என்று மொத்தம் 28 பேர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கப்பலில் அதிகாரிக்கு ஓர் உலகம், மாலுமிக்கு வேறோர் உலகம். அண்டார்க்டிகாவில் கட்டிய குடிசைக்குள்ளேயே ஸ்காட் பெட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பி இரண்டு பிரிவினரையும் தனித்தனியாக வைத்திருந்தார். ஷாக்கிள்டன் கப்பலிலோ விஞ்ஞானியும் முறை வைத்துத் தரையைத் தேய்க்க வேண்டும், இரவுக் காவல் இருக்க வேண்டும். ஓர்ட்-லீஸ் என்ற இராணுவ அதிகாரிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் முட்டி போட்டுத் தரை தேய்ப்பது அகந்தையைக் குறைக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பனியின் மேல் கால்பந்து ஆடினார்கள். நாய்வண்டிப் பந்தயம் வைத்தார்கள். ஒரு நாள் எல்லோரும் வரிசையாக மொட்டை அடித்துக்கொண்டார்கள், தலைவர் உட்பட. வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் யாருக்கும் புத்தி பேதலிக்கவில்லை.

அக்டோபர் 27 அன்று பனி நசுக்கியதில் கப்பலைக் கைவிட்டார்கள். நவம்பர் 21-இல் அது மூழ்கியது. (அது கண்டுபிடிக்கப்பட்டது 2022 மார்ச்சில், 3,008 மீட்டர் ஆழத்தில்.) ஆளுக்கு இரண்டு பவுண்டு எடை சாமான்தான் கொண்டுவரலாம் என்று உத்தரவு. ஷாக்கிள்டன் தன்னிடமிருந்த தங்க நாணயங்களை எல்லோர் முன்னிலையிலும் பனியில் வீசினார். ஆனால் ஹஸ்ஸியின் பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதன் எடையே பன்னிரண்டு பவுண்டு! மனதுக்கு மருந்து என்பது அவருடைய வாதம்.

உறங்கும் பைகளில் 18 மட்டும் கதகதப்பான தோல் பைகள், மீதி பத்தும் கம்பளி. சீட்டுக் குலுக்கினார்கள். விழுந்தது எப்படித் தெரியுமா? ஷாக்கிள்டன், கேப்டன் வோர்ஸ்லி, துணைத் தலைவர் வைல்ட் எல்லோருக்கும் கம்பளி, சாதாரண மாலுமிகளுக்குத் தோல் பை. இதில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று மாலுமி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்! கூடாரம் பிரித்ததிலும் கணக்கு இருந்தது. யாருக்குப் புகழ்ச்சி வேண்டுமோ, யார் குறை சொல்லிக் கூட்டம் சேர்ப்பார் என்று தோன்றியதோ, அவரைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். புகைப்படக்காரர் ஹர்லி அப்படித்தான் தலைவரின் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

இந்தப் புன்னகை முகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. நிறைய சீல்களை வேட்டையாடி இறைச்சி சேர்த்து வைக்கலாம் என்று ஓர்ட்-லீஸ் கெஞ்சினார். ஷாக்கிள்டன் மறுத்தார். சேமிக்க ஆரம்பித்தால், இங்கேயே இன்னொரு குளிர்காலம் என்று ஆட்கள் மனம் உடைவார்கள் என்று பயந்தார். பிறகு உணவு குறைந்து, நாய்களையெல்லாம் சுட வேண்டியதாயிற்று. இந்த விஷயத்தில் ஓர்ட்-லீஸ் சொன்னதுதான் சரி.

இப்போது தச்சருக்கு வருவோம். ஹாரி மெக்நீஷ், ஸ்காட்லாந்துக்காரர். கூட்டத்திலேயே வயதில் மூத்தவர்களில் ஒருவர், நாக்கு கொஞ்சம் கூர்மை. கப்பலுக்கு ஒரு பூனையைக் கொண்டுவந்திருந்தார். தச்சரின் பின்னாலேயே சுற்றியதால் அதற்கு மிஸஸ் சிப்பி என்று பெயர், பிறகுதான் அது ஆண் பூனை என்று தெரிந்தது. கப்பலைக் கைவிட்டதும், பயணத்துக்கு உதவாத விலங்குகள் என்று சில நாய்க்குட்டிகளோடு அந்தப் பூனையையும் சுடச் சொன்னார் ஷாக்கிள்டன். மெக்நீஷ் அதை மன்னிக்கவே இல்லை.

டிசம்பர் 27. ஒரு டன் எடையுள்ள படகுகளை உருகும் பனியில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். எவ்வளவு இழுத்தாலும் தூரம் குறையவில்லை. மெக்நீஷ் நின்றுவிட்டார். கப்பல் மூழ்கியதும் வேலை ஒப்பந்தமும் முடிந்தது, இனி யார் உத்தரவுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்றார். இது வெறும் முரட்டுத்தனம் அல்ல. கப்பல் போனால் மாலுமியின் சம்பளமும் நிற்கும் என்பது அன்றைய கடல் வழக்கம். அடுத்தவர்களும் இதையே யோசிக்க ஆரம்பித்தால் கதை முடிந்தது.

ஷாக்கிள்டன் எல்லோரையும் கூட்டி ஒப்பந்தத்தை உரக்கப் படித்தார். துறைமுகம் சேரும் வரை ஒப்பந்தம் செல்லும், சம்பளமும் உண்டு, உத்தரவும் உண்டு என்றார். தச்சரோடு தனியாகவும் பேசினார். மெக்நீஷ் மறுபடி வேலைக்கு வந்தார். வேடிக்கை என்னவென்றால், இரண்டே நாளில் அந்த நடைப்பயணத்தையே கைவிட்டார்கள். இழுப்பது வீண் என்று தச்சர் சொன்னதுதான் கடைசியில் நடந்தது.

1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். அங்கிருந்து ஆறு பேர் மட்டும் ஒரு சிறு படகில் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளியிருந்த தெற்கு ஜார்ஜியாவுக்குக் கிளம்பினார்கள். அந்தப் படகுக்கு மேல்தளம் போட்டது யார்? மெக்நீஷ்தான். பனிவண்டிச் சட்டங்கள், பெட்டி மூடிகள், கித்தான் துணி இவற்றை வைத்து மூடினார். இடுக்குகளைப் பெயிண்டாலும் சீல் இரத்தத்தாலும் அடைத்தார். ஷாக்கிள்டன் அவரையும், சண்டைக்காரரான வின்சென்டையும் தன்னோடு அந்தப் படகிலேயே கூட்டிப்போனார். பிரச்சினைக்காரர்களைத் தீவில் விட்டுப்போனால் அங்கே ஒற்றுமை கெடும் என்பது ஒரு காரணம். படகில் யாராவது குளிரில் நடுங்கினால் அவருக்கு மட்டும் கொடுக்காமல் எல்லோருக்கும் சூடான பானம் தரச் சொல்வார், நடுங்கியவருக்குத் தன்னால்தான் என்று தெரியாதபடி.

தீவில் தங்கிய 22 பேரை வைல்ட் பார்த்துக்கொண்டார். தலைகீழாகக் கவிழ்த்த இரண்டு படகுகளின் அடியில் நான்கு மாதத்துக்கு மேல் வாழ்க்கை. தினமும் காலையில் வைல்ட் தன் படுக்கையைச் சுருட்டிக் கட்டுவார், மற்றவர்களையும் கட்டச் சொல்வார், தலைவர் இன்றைக்கே வந்துவிடலாம் என்று. சனிக்கிழமை இரவில் பாஞ்சோவோடு பாட்டு. பாதிப் பாட்டு ஒருவரையொருவர் கிண்டல் செய்து கட்டியது. பகலில் சொல்ல முடியாத ஆத்திரமெல்லாம் அதில் வெளியே போனது. கப்பலில் ஒளிந்து ஏறி வந்த பிளாக்போரோவுக்கு அந்த இருட்டுக் குடிலில்தான் அறுவை செய்து ஒரு காலின் விரல்களை எடுத்தார்கள். அவரும் பிழைத்தார்.

மூன்று முயற்சி தோற்றபின், நான்காவது முறை 1916 ஆகஸ்ட் 30-இல் 'யெல்ச்சோ' என்ற சிலி நாட்டுக் கப்பலோடு ஷாக்கிள்டன் திரும்பினார். 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் கண்டத்தின் மறு கரையில் அவருடைய இன்னொரு குழு இருந்தது. அவர் கடந்து வருவார் என்று நம்பி வழியெல்லாம் உணவு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். தலைவரின் கண் எட்டாத இடத்தில் ஏற்பாடும் சரியில்லை, ஒற்றுமையும் சரியில்லை.

ஊர் திரும்பியபின் துருவப் பதக்கத்துக்குப் பெயர்ப் பட்டியல் தயாரானது. நான்கு பேரின் பெயர் அதில் இல்லை. வின்சென்ட், இரண்டு மாலுமிகள், மெக்நீஷ். எத்தனையோ தவறுகளைச் சிரித்து மறந்த மனிதர், டிசம்பர் 27-ஐ மட்டும் மறக்கவில்லை. அந்தப் படகு இல்லாவிட்டால் பட்டியல் எழுத யாருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள். இது அநியாயம் என்று கப்பல் மருத்துவர் மாக்லினே பின்னாளில் வருந்தினார்.

ஷாக்கிள்டன் 1922-இல் தெற்கு ஜார்ஜியாவில் இறந்தார். மெக்நீஷ் 1930-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ஏழையாக இறந்தார். 1959 வரை அவர் கல்லறைக்கு ஒரு கல்கூடக் கிடையாது. 2004-இல் அதன் மேல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள், மிஸஸ் சிப்பி படுத்திருப்பதுபோல.