எலக்சன் கேட்கிறவங்க

தமிழ்நாட்டுக்காரர் தேர்தலில் நிற்பார். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் யாரும் நிற்பதில்லை, கேட்பார்கள். "இந்த முறை மரத்தில யாரு கேக்காங்க?" "நம்மட மாஸ்டர்ர மருமகன் மயில்ல கேக்காராம்." சாய்ந்தமருது கடற்கரைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் மஹ்ரிபுக்குப் பிறகு கால்மணி நேரம் இருந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். மரமும் மயிலும் கட்சிச் சின்னங்கள். என்னத்தைக் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார் என்பதைச் சொல்வதேயில்லை. அந்தச் சொல்லாத பாதி என் ஆயுளுக்குள்ளேயே நாலைந்து முறை மாறிவிட்டது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். கையில் ஆதாரம் கேட்காதீர்கள். பல வருடமாகச் சேர்த்த தேர்தல் நோட்டீசுகளைத் தகரப்பெட்டியோடு 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எடுத்துக்கொண்டது.

என் மூத்தம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அரசாங்க சபைக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி. "நிறத்தப் பாத்துப் போட்டா முடிஞ்சுது மனே" என்பார். 1947இல் பெட்டி ஒன்றானது, சீட்டில் சின்னம் வந்தது, புள்ளடி வந்தது. பென்சிலைப் பிடிப்பதுதான் தனக்கு வில்லங்கமாக இருந்தது என்று கடைசி வரை சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தேர்தலில் கல்முனை என்றொரு தொகுதி பிறந்தது. அப்போது நாங்கள் மட்டக்களப்பு மாவட்டம். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல்தான். முதலில் வென்றவர் கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர். அவர் கேட்டது போடிமாரிடம். வயல் உள்ள நாலு பேரும் பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் தலையாட்டினால், குத்தகைக்காரனும் குடியும் பின்னால் வரும். குடி என்றால் எங்கள் பக்கம் தாய்வழிச் சொந்தம். இன்ன குடி இன்னாருக்கு என்று ஒரு முறை பேசி முடித்தால் அந்தக் கணக்கு அவ்வளவு இலேசில் பிழைக்காது. ஆனால் 1952இல் பிழைத்தது, ஏ.எம். மிர்சா வென்றார்.

1956இல் காரியப்பர் திரும்ப வந்தார், இம்முறை தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில். எனக்கு ஆறு வயது. ஓலைக் குடிசையில் இருந்தவனும் வீட்டுப் படத்தை வாசலில் ஒட்டியிருந்தான். 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல் அன்று சோனகனையும் தமிழனையும் ஒரு கூரைக்குள் கொண்டுவந்தது. அந்தக் கட்சி வென்ற பத்து ஆசனங்களில் கல்முனை ஒன்று, எம்.எம். முஸ்தபா வென்ற பொத்துவில் இன்னொன்று. ஆனால் கூரை நீடிக்கவில்லை. வென்ற இருவருமே கட்சியை விட்டுப் போனார்கள். முஸ்தபா தகநாயக்கவின் குறுகிய ஆட்சியில் நிதி அமைச்சராகவே இருந்தார். வீட்டுக்கு வாக்குப்போட்டு வீதிக்கு வந்தோம் என்று எங்கள் பெரியவர்கள் பகிடி பண்ணுவார்கள். பகிடிதான், ஆனாலும் 1960இல் நடந்த இரண்டு தேர்தல்களிலும் எம்.சி. அகமது அதே வீட்டில் கேட்டுத்தான் வென்றார். பத்து வருடம் கழித்து அவரே கைச் சின்னத்தில் பாராளுமன்றம் போனார். ஆளைப் பார்த்துப் போட்டோம், சின்னம் அவர் ஏறிவந்த வண்டி. கட்சி தாவினார் என்று கொழும்புப் பத்திரிகைகள் எழுதும். ஊரில் அந்தச் சொல்லுக்கு அத்தனை சூடு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

காரியப்பரின் கடைசி அத்தியாயத்தை இன்றைக்கு எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 1965இல் அவர் மறுபடியும் கல்முனையை வென்றார். தல்கொடபிட்டிய இலஞ்ச ஆணைக்குழு 1960இலேயே அவர் மீது குற்றம் கண்டிருந்தது. 1965 முடிவதற்குள் பெயர் குறித்து ஒரு சட்டம் நிறைவேறியது. குடியியல் உரிமை போய், ஆசனமும் போனது. அவர் விடவில்லை. பாராளுமன்றம் நீதிமன்றத்தின் வேலையைச் செய்துவிட்டது என்று வாதாடி, வழக்கை இலண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோனார். தோற்றார். எதிராளியாகப் பெயர் வந்தது பாராளுமன்ற எழுதுவினைஞர் சாம் விஜேசிங்க. 'காரியப்பர் எதிர் விஜேசிங்க' என்று அரசியலமைப்புச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். கல்முனை என்ற ஊர் எந்தத் திக்கில் என்று தெரியாத தேசத்துச் சட்ட மாணவனும் எங்கள் முதலியாரின் பெயரை மனனம் செய்கிறான். குற்றத்தில் நியாயம் பேச நான் வரவில்லை. ஆனால் ஒரு மனிதரைப் பெயர் சொல்லித் தண்டிக்கும் சட்டத்தில் ஏதோ உறுத்துகிறது.

1977 ஜூலை 21. நான் இளம் ஆசிரியர், வாக்குச்சாவடியில் விரலுக்கு மை பூசும் கடமை. யானை வென்றது, ஏ.ஆர்.எம். மன்சூர் எம்.பி. ஆனார். தொகுதிக்கு ஒரு எம்.பி. என்ற முறையில் எங்கள் கரை கண்ட கடைசிப் பொதுத்தேர்தல் அது. அந்த முறையில் ஒரு வசதி இருந்தது. கிணறு வற்றினாலும் பாலம் உடைந்தாலும் எவர் வீட்டுப் படியில் போய் நிற்பது என்று தெரியும்.

1978 யாப்பு தொகுதிகளை அழித்து, திகாமடுல்ல என்ற பெயரில் மாவட்டம் முழுவதையும் ஒரே தட்டில் போட்டது. கரையோரத்து முஸ்லிம் ஊர்கள், இடையில் தமிழ் ஊர்கள், மேற்கே 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் குடியேறிய சிங்கள ஊர்கள். கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் இனி ஆசனம். அந்தக் கணக்கைப் போட்டவர் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரஃப். 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கம் தமிழருக்கும் எங்களுக்கும் நடந்த கலவரத்துக்குப் பிறகு வீட்டுக் கூரையைப் பற்றி யாரும் பேசவில்லை. மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காத கட்சிக்கு ஆசனமே இல்லை என்றிருந்த வெட்டுப்புள்ளி 1988 டிசம்பரில் நூற்றுக்கு ஐந்தாக இறங்கியது. ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் பிரேமதாசவிடம் அஷ்ரஃப் கேட்டுப் பெற்றது அது. எங்கள் வேட்பாளர் ஒருவர் வாக்கைக் கேட்காமல் சட்டத்தையே கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த பெப்ரவரியில் மரச் சின்னத்தில் அவர் பாராளுமன்றம் போனார்.

2000 செப்டம்பர் 16 அன்று அஷ்ரஃப் போன ஹெலிகொப்டர் அரநாயக்கவில் விழுந்தது, அவர் மறைந்தார். ஒரு மாதம் முடியுமுன் தேர்தல், அவருடைய மனைவி பேரியல் வென்றார். அந்த அனுதாபத்தோடு ஒற்றை மரத்தின் நிழலும் தீர்ந்தது. பிறகு குதிரை, மயில் என்று பிரிந்தோம்.

அதைவிடப் பெரிய பிரிவைச் செய்தது விருப்பு வாக்கு. நாங்கள் 'மனாப்பே' என்போம், சிங்களத்திலிருந்து எடுத்த சொல். ஒருவருக்கு மூன்று மனாப்பே. ஏழு ஆசனத்துக்குப் பத்துப் பேர் ஒரே பட்டியலில் கேட்பார்கள். ஆகவே வேட்பாளருக்கு எதிரி அடுத்த கட்சிக்காரன் அல்ல, தன் பக்கத்து இலக்கக்காரன். மருதமுனையார், நிந்தவூரார், அக்கரைப்பற்றார் ஒரே மேடையில் கைகோத்து நிற்பார்கள். மேடையை விட்டு இறங்கியதும் மற்றவரின் இலக்கத்தை அழிக்க ஆள் அனுப்புவார்கள். வாக்கெண்ணப் போன இரவுகளில் கண்டிருக்கிறேன், கட்டுக் கட்டாக ஒரே இலக்கம் மட்டும். மூன்று போடலாம் என்றிருந்தும் ஒன்றுதான். அடுத்த ஊரானுக்கு ஒரு புள்ளடி போனால் நம்மூரான் கீழே போவான் என்ற பயம்.

இப்போது வேட்பாளர் முதலில் கேட்பது கட்சித் தலைவரிடம், கொழும்பில். அடுத்து பள்ளிவாசல் நிர்வாகத்திடம். வாக்காளரிடம் வரும்போது பாதித் தேர்தல் முடிந்திருக்கும். தோற்ற ஊருக்குத் தேசியப்பட்டியல் தருவதாகச் சொல்வார்கள். அந்த வாக்குறுதியைப் பார்த்துப் பார்த்தே நரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஊரும் திருப்பிக் கேட்கப் பழகிவிட்டது. 1987இல் கல்முனையோடு சேர்த்துவிட்ட எங்கள் பழைய கரைவாகு தெற்குக் கிராமசபையைத் தனிச் சபையாகத் தா என்று சாய்ந்தமருது கேட்டது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு தோடம்பழச் சின்னத்தில் ஒரு சுயேச்சைக் குழு இறங்கி ஊரை அள்ளியது. அந்த மாதம் தோடம்பழம் விற்றவன்தான் உண்மையில் வென்றவன். 2020 பெப்ரவரியில் நகரசபைக்கு வர்த்தமானி வந்தது, பட்டாசு வெடித்தது. சில நாளில் அது இடைநிறுத்தப்பட்டது.

2024 நவம்பர் 14 அன்று திகாமடுல்லவின் ஏழில் நான்கைத் திசைகாட்டி எடுத்தது. வீடு, மரம், மயில் ஆளுக்கொன்று. அன்று காலை என் மகள் வாக்குப்போட்டுவிட்டு வந்து, மை காயாத விரலோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுடைய உம்மாவும் மூத்தம்மாவும் எதற்குப் போட்டார்கள் என்பது குடிக்கே தெரியும். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"அத ஏன் வாப்பா கேக்கீங்க?" என்றாள்.