சூப் கடையில் ஒரு கிளாஸ் ஒயின்: பாரிஸ் உழைப்பாளிகளின் மேஜைக் கதை

1) பாரிஸ்ல நல்ல சாப்பாடு, கூட ஒரு கிளாஸ் ஒயின், அதுவும் சாதாரணச் சம்பளக்காரர் பர்ஸுக்குள்ள. 170 வருஷத்துக்கு முன்னாடியே அதுக்குன்னு தனியா கடைகள் வந்துடுச்சு. பேரு 'புயோன்'. பிரெஞ்சு மொழியில் அதுக்கு அர்த்தம் இறைச்சி வேகவைத்த சாறு, அதாவது சூப். கடைக்கு ஏன் சூப்போட பேரு? அதுல பாதி மருத்துவ வரலாறு. கொஞ்சம் நீளமான இழை, நிதானமா படிங்க.

2) முதல்ல 'ரெஸ்டாரன்ட்' என்ற சொல்லைப் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அது ஒரு இடத்தின் பெயர் கிடையாது. உடம்பு தேறுவதற்காகக் குடிக்கும் கெட்டியான இறைச்சிச் சாறுக்குத்தான் அந்தப் பெயர். 'இழந்த தெம்பை மீட்டுத் தருவது' என்று பொருள். இன்னிக்கு நாங்க எழுதித் தர்ற பத்திய உணவு மாதிரின்னு வச்சுக்குங்க.

3) 1760களில் இந்தச் சாறை உட்கார்ந்து குடிக்கும் கடைகள் பாரிஸில் தொடங்கின. பூலான்ஜே என்ற சூப் வியாபாரி மேல சமையல்காரர் சங்கம் கேஸ் போட்டதாகவும், அவர் ஜெயிச்சதாகவும் ஒரு கதை ரொம்பப் பிரபலம். ரெபெக்கா ஸ்பாங் என்ற வரலாற்றாசிரியர் தேடிப் பார்த்தார். அந்த வழக்குக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. அவர் ஆய்வில் முன்னோடியாகத் தெரிபவர் மாத்யுரேன் ரோஸ் த ஷான்துவாஸோ.

4) அதுக்கு முன்னாடி வெளியில் சாப்பிடணும்னா எப்படி? விடுதியில் ஒரே நீள மேஜை. குறிப்பிட்ட நேரத்துக்குப் போயிடணும். பக்கத்துல யாருன்னு தெரியாது. வைக்கிறதைத் தின்னணும். கைக்கு வேகமா எட்டுறவருக்கு நல்ல துண்டு. பணம் மட்டும் எல்லாருக்கும் ஒரே தொகை.

5) நோயாளிக்கு இது சரிப்படாது. அவருக்குப் பசிக்கும் நேரம் வேற, வயிறு தாங்குவது வேற. அதனால அந்தச் சூப் கடைகள் மூணு விஷயத்தைக் கொண்டுவந்தன: எப்ப வேணா வரலாம், தனி மேஜை, விலை போட்ட பட்டியலைப் பார்த்துத் தனக்கு வேண்டியதைக் கேட்கலாம். இன்னிக்கு நாம ஹோட்டல்ல 'மெனு கொடுங்க'ன்னு கேட்கிறோமே, அது பலவீனமான வயிறுகளுக்காக வந்த ஏற்பாடு!

6) வசதியா இருந்தா ஆரோக்கியமானவங்களும் வருவாங்கதானே? 1782-ல் போவிலியே என்ற சமையல் கலைஞர் ஆடம்பரமான ரெஸ்டாரன்டைத் திறந்ததாகச் சொல்வார்கள். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1791-ல் தொழில் சங்கங்களின் ஏகபோகம் ஒழிந்தது. பிரபுக்கள் வீட்டுச் சமையல்காரர்கள் பலர் சொந்தக் கடை போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது ரெஸ்டாரன்ட் என்றாலே பணக்காரர் இடம்.

7) அப்போ உழைக்கிறவர் எங்கே சாப்பிட்டார்? 1851-ல் பாரிஸில் சுமார் 10 லட்சம் பேர். 1853 முதல் ஓஸ்மான் நகரத்தையே இடித்துக் கட்ட ஆரம்பித்தார். வேலைக்காக ஜனம் குவிந்தது. 1860-ல் சுற்றுவட்டார ஊர்களும் சேர, 1861-ல் 17 லட்சத்தை நெருங்கியது. பலருக்கு வாடகை அறைதான். அடுப்பு இல்லை, விறகு விலை அதிகம், மதியம் வீட்டுக்குப் போய் வர நேரமும் இல்லை.

8) அவர்களுக்குக் கிடைத்ததில் ஒன்று 'ஆர்லகேன்'. பெரிய வீடுகளிலும் ரெஸ்டாரன்ட்களிலும் தட்டில் மிஞ்சியதைச் சேகரித்துக் கலந்து, சந்தையில் விற்பார்கள். மீன் துண்டு, கோழி எலும்பு, கேக், எல்லாம் ஒரே தட்டில். கோமாளியோட பல வண்ண ஒட்டுச் சட்டை மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். பேரு என்னவோ அழகுதான். அடுத்தவர் எச்சில்.

9) விஞ்ஞானிகளும் சும்மா இல்லை. எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்துச் சூப் வைத்தால் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் மலிவாகப் போட்டுவிடலாம் என்று தார்ஸே என்ற வேதியியலாளர் பிரசாரம் செய்தார். மருத்துவமனைகளில் அது பரிமாறவும்பட்டது. 'இறைச்சி எதுக்கு, எலும்புச் சாறு போதுமே' என்ற கணக்கு.

10) போதுமா என்று பார்க்க அறிவியல் அகாடமி ஒரு குழு போட்டது. தலைமை: உடலியல் மேதை மஜாந்தி. நாய்களுக்கு ஜெலட்டினை மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள். மெலிந்து செத்தன. 1841-ல் அறிக்கை வந்தது. காரணம் நமக்கு இப்போ தெரியும்: ஜெலட்டினில் ட்ரிப்டோஃபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது. புரதம்தான், ஆனா முழுமையான புரதம் இல்லை. (எலும்பு சூப் குடிச்சா மட்டும் போதும்னு வர்ற ஃபார்வர்டுகளுக்கும் இதே பதில்.)

11) 1850களின் நடுவில் ஒரு இறைச்சிக் கடைக்காரர் களத்துக்கு வருகிறார். பெயர் துவால். மாட்டில் பணக்காரர் வாங்குவது மெத்தென்ற துண்டுகளை மட்டும். கழுத்து, கால், விலாவோரம் எல்லாம் தேங்கும். இந்த முரட்டு இறைச்சியைக் குறைந்த தீயில் மணிக்கணக்கா வேகவிட்டால் உள்ளே இருக்கும் கொலாஜன் கரைந்து சாறு கெட்டியாகும், இறைச்சியும் மிருதுவாகும்.

12) அவர் கடையில் கொடுத்தது அதைத்தான்: ஒரு கிண்ணம் சாறு, வெந்த மாட்டிறைச்சி, ரொட்டி. கவனிங்க, ஏழைகள் சூப்பில் இருந்த அதே ஜெலட்டின் இதிலும் இருக்கு. ஆனா இறைச்சியும் தட்டுக்கு வருது. மஜாந்தியோட நாய்களுக்குக் கிடைக்காதது இதுதான்.

13) விலை எப்படிக் கட்டுப்படியாச்சு? இறைச்சிக் கடை அவருடையது. பேக்கரி, சலவைக்கூடம், ஒயின் கிடங்கு எல்லாம் சொந்த ஏற்பாடு. மோன்தெஸ்கியூ தெருவில் இரும்புத் தூண்கள் வைத்த பெரிய கூடம், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் சாப்பிடலாம். ஒரு மேஜையில் ஒரு நாளைக்குப் பல பந்தி. ஒவ்வொரு தட்டிலும் லாபம் கொஞ்சம்தான்.

14) உள்ளே நுழையும்போதே விலை அச்சிட்ட அட்டை ஒன்று கையில் தருவார்கள். கேட்டதைப் பரிமாறும் பெண் அதில் குறிப்பார். வெளியே போகும்போது கல்லாவில் காட்டிக் காசு கொடுக்கணும். சூப்புக்கு ஒரு விலை, ரொட்டிக்கு ஒரு விலை, நாப்கினுக்குக்கூட ஒரு விலை! கஞ்சத்தனம்னு தோணும். ஆனா கையில் எவ்வளவு இருக்கோ அதுக்குள்ள நிறுத்திக்கலாம். பில் வந்ததும் வியர்க்க வேண்டாம்.

15) பரிமாறியது பெண்கள். கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தொப்பி. ரெனுவார் 1875 வாக்கில் அவர்களில் ஒருவரை வரைந்தார். அந்த ஓவியம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கு. பெண்கள் தயங்காமல் போய்ச் சாப்பிடலாம் என்று அந்தக் காலப் பயணக் கையேடுகள் துவால் கடைகளைப் பரிந்துரைத்தன. பெண் தனியாக வெளியில் சாப்பிட்டால் தவறாகப் பார்த்த காலம் அது.

16) ஒன்றை ஒளிக்காமல் சொல்லணும். துவால் கடைகள் சீக்கிரமே குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், மாணவர்கள் வரும் இடமாகிவிட்டன. அடிமட்டக் கூலிக்கு அதுவும் எட்டாத விலைதான். ஆனா அந்த முறையை மற்றவர்கள் காப்பியடித்தார்கள், போட்டியில் விலை இன்னும் இறங்கியது.

17) இடையில் ஒரு சுகாதாரச் சட்டம். 1894-ல் பிரான்ஸ் அரசு, வேலை செய்யும் அறையிலேயே சாப்பிடத் தடை போட்டது. தூசி, நச்சுப்பொருள், கெட்ட காற்று இவற்றை நினைத்தால் நல்ல எண்ணம்தான். ஆனா 'வெளியே போ'ன்னு சொன்னா போதுமா? தையல் கூடங்களில் வேலை பார்த்த இளம்பெண்கள் குறைந்த கூலியில் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள்? ஆரோக்கிய விதி போடும் எங்களை மாதிரி ஆட்கள் இந்தக் கேள்வியை எப்பவும் மறந்துடக் கூடாது.

18) 1896-ல் ஷார்தியே சகோதரர்கள் மோன்மார்த்ர் புறநகர்த் தெருவில் திறந்த கடை இன்றும் ஓடுது. ரயில் நிலையம் மாதிரி உயரமான கூடம், மேலே கண்ணாடிக் கூரை. சுவரில் எண் போட்ட குட்டி மர இழுப்பறைகள் இருக்கும். தினமும் வருபவர் தன் துணி நாப்கினை அதில் வைத்துவிட்டுப் போவார். கூலி வேலைக்காரருக்கு ஊரின் நடுவில் சொந்தமா ஒரு இழுப்பறை! பில்லை இப்பவும் மேஜை விரிப்புக் காகிதத்திலேயே எழுதிக் கூட்டுவாங்க.

19) சரி, ஒயின் எங்கிருந்து வந்தது? முதல் காரணம் தண்ணீர். 1832 காலராவில் பாரிஸில் மட்டும் 18,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1849-லும் 1854-லும் திரும்ப வந்தது. பலர் குடித்தது சேன் ஆற்றுத் தண்ணீர். தூரத்து ஊற்றுகளிலிருந்து நீர் கொண்டுவந்த துய்ஸ் கால்வாய் 1865-ல்தான் வந்தது, வான் கால்வாய் 1874-ல். ஆற்று நீரோடு ஒப்பிட்டால் ஒயின் நிஜமாவே பாதுகாப்பானது. அமிலமும் ஆல்கஹாலும் பல கிருமிகளை வளர விடாது.

20) இரண்டாவது காரணம் ரயில். 1850களில் பாரிஸ் - மார்சேய் பாதை வந்ததும் தெற்கத்தி ஒயின் மலிவாக இறங்கியது. மூன்றாவது, விஞ்ஞானத்தின் சிபாரிசு. ஒயின் கெட்டுப்போவது ஏன் என்று ஆராய்ந்து 1866-ல் புத்தகம் எழுதிய பாஸ்தரே, பானங்களில் ஒயின்தான் மிகச் சுகாதாரமானது என்ற கருத்தைச் சொன்னார். அந்தத் தண்ணீரை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

21) ஆனா மலிவு ஒயின் எல்லாம் நல்ல ஒயின் இல்லை. 1860களில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியது. தட்டுப்பாடு. காய்ந்த திராட்சையை ஊறவைத்த 'ஒயின்', சர்க்கரைத் தண்ணீர் கலந்த 'ஒயின்' எல்லாம் வந்தது. 1889-ல் புதுத் திராட்சையை நொதிக்க வைத்தது மட்டுமே ஒயின் என்று சட்டமே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. விலைச் சரிவாலும் கலப்படத்தாலும் நொந்த லாங்தொக் விவசாயிகள் 1907-ல் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் கலப்படச் சட்டம் இறுகியது.

22) இப்போ ஒரு லிவரோட பக்கத்திலிருந்து பாருங்க. தண்ணீர் சுத்தமாயிடுச்சு, பழக்கம் மட்டும் போகலை. 1915-ல் அப்ஸிந்த்தைத் தடை செய்த நாடு ஒயினைத் தொடவே இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஆளுக்கு வருஷம் 100 லிட்டருக்கு மேல் குடித்தார்கள். பள்ளி உணவுக்கூடங்களில் 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மது தரக் கூடாது என்று உத்தரவு வந்ததே 1956-ல்தான்!

23) அதே 1956-ல் சுல்லி லெதர்மான் என்ற புள்ளியியல் அறிஞர் முக்கியமான ஒன்றைச் சொன்னார்: ஒரு சமூகம் சராசரியா எவ்வளவு குடிக்குதோ, அதைப் பொறுத்துத்தான் மிதமிஞ்சிக் குடிப்பவர் எண்ணிக்கையும் இருக்கும். அவர் சூத்திரத்தை அப்படியே இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனா அடிப்படைக் கருத்து நின்றுவிட்டது. பிரான்ஸிலேயே பாருங்க: ஒயின் இப்போ ஆளுக்கு 40 லிட்டரை ஒட்டி வந்துவிட்டது, சிரோசிஸ் சாவுகளும் பெரிதும் குறைந்தன.

24) 'டாக்டர், ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?' இந்தக் கேள்வி வரும்னு தெரியும். 1991-ல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் 'பிரெஞ்சு முரண்பாடு' பிரபலமானது. அந்த மாதிரி ஆய்வுகள் பலவற்றில், உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களும் 'குடிக்காதவர்' கணக்கில் சேர்ந்திருந்தார்கள். அப்போ குடிக்கிறவர் ஆரோக்கியமாத்தானே தெரிவார்? ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988-லேயே வகைப்படுத்தியாச்சு. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் 'பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை' என்று தெளிவாச் சொன்னது.

25) இருபதாம் நூற்றாண்டில் புயோன்கள் ஒவ்வொன்றா மூடின. ஆலை, அலுவலகங்களிலேயே உணவுக்கூடம் வந்தது. கூலியும் வாடகையும் ஏறின. ஷார்தியே மாதிரி சிலதான் தாக்குப்பிடித்தன. அந்தக் கூடம் 1989-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் ஆனது. அப்புறம் ஒரு திருப்பம்: 2017-ல் பிகாலில், 2021-ல் ரிபப்ளிக் சதுக்கத்தில் புது புயோன்கள் திறந்தார்கள். வாசலில் நீள வரிசை.

26) வழிமுறை அதே பழசுதான். சின்ன மெனு, முட்டை மயோனெய்ஸ், வினிகர் சாஸில் லீக்ஸ், ஒயின்ல மெதுவா வேகவைத்த மாட்டிறைச்சி. விலை குறைந்த துண்டு, நீண்ட நேரச் சமையல், நிறைய நாற்காலி, விலை எழுதிய பட்டியல். நல்ல சாப்பாடு மலிவாகக் கிடைப்பது தர்மத்தால் நடந்தது கிடையாது. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டதால் நடந்தது. எச்சிலை விற்ற சந்தையிலிருந்து, பெயர் தெரியாத கூலிக்கும் தனித் தட்டு கிடைக்கிற மேஜைக்கு வந்தது அந்தக் கணக்காலதான்.

27) பாரிஸ் போறவங்களுக்குச் சின்னக் குறிப்பு. வரிசையில் நிற்கத் தயாரா போங்க. கர்ப்பிணிகள், லிவர் பிரச்சனை உள்ளவங்க, சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க, மெட்ரோனிடசோல் மாதிரி மருந்து சாப்பிடறவங்க ஒயினைத் தவிருங்க அல்லது உங்க டாக்டரைக் கேளுங்க. இதுவரை குடிக்காதவங்க 'இதயத்துக்கு நல்லது'ன்னு புதுசா ஆரம்பிக்க வேண்டாம்.

28) மேஜையில் உட்கார்ந்ததும் 'கராஃப் தோ'ன்னு கேளுங்க. ஒரு ஜாடி குழாய்த் தண்ணீர் இலவசமா வரும். கொடுக்கணும்னு அங்க சட்டமே இருக்கு. 1832-ல் அந்த ஊர்க்காரர் பயந்து பயந்து குடித்த தண்ணீர், இன்னிக்கு நம்பிக் குடிக்கிற தண்ணீர். என்னைக் கேட்டா, அந்த மேஜையில் இருக்கிறதிலேயே பெரிய சாதனை அந்த ஜாடிதான்.

 கேள்வி இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.