ரோஸ் டிவியில் வந்த வருடம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆத்தூர்க் கோட்டையைப் பற்றி எழுதியபோது "இன்னும் எழுதுங்க டீச்சர்" என்றீர்கள். இது கோட்டை வரலாறு இல்லை, தொலைக்காட்சி வரலாறு. 2008இல் நடந்ததையெல்லாம் வரலாறு என்பதா என்று கேட்காதீர்கள். அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

ஆணாகப் பிறந்து தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளை, பெண்ணாகப் பிறந்து தன்னை ஆணாக உணரும் பிள்ளை, தன் பாலினத்தவர் மீதே விருப்பம் வரும் பிள்ளை. இவர்கள் வீட்டில் எப்படிச் சொன்னார்கள், அதற்கு டிவி என்ன செய்தது என்பதுதான் விஷயம். முகம் சுளிக்கிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுச் சுளியுங்கள்.

நம் பக்கத்துக்கு இது புதிய சங்கதி அல்ல. உளுந்தூர்பேட்டை ரோட்டில் போனால் இரண்டு மணி நேரத்தில் கூவாகம் வந்துவிடும். சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்வதும், அரவான் பலியான பிறகு தாலியறுத்து வெள்ளைப் புடவை உடுத்துவதும் நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து தெரிந்ததுதான். அரவான் கதையைக் கூத்தில் விடிய விடியப் பார்த்துக் கண்ணீர் விட்ட ஊர்கள் இவை. ஆனால் அந்தக் கண்ணீர் கூத்துத் திடலோடு நின்றுவிடும். பள்ளிக்கூடத்துக்குள் வேறு கதை.

வருகைப் பதிவு எடுக்கும்போது எட்டாம் எண் வரைக்கும் "உள்ளேன் டீச்சர்" என்று ஒழுங்காக வரும். ஒன்பதாம் எண்ணுக்குரிய பையன் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சில் சிரிப்புக் கிளம்பிவிடும். அதனால்தான் நான் எண் சொல்லிக் கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். என்னிடம் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும், காரணம் இன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

அந்தச் சிரிப்பை எங்கே கற்றார்கள்? ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்ட படம் திங்கட்கிழமை என் வகுப்புக்கு வந்துவிடும். கையைத் தட்டி ஒரு நடை, ஒரு குரல், கதாநாயகன் ஓடுவது. எந்தப் படம் என்று எழுத வேண்டியதில்லை, அவ்வளவு படங்கள். கொஞ்சம் மென்மையாகப் பேசும் பையனுக்குத் திங்கட்கிழமை என்றாலே வயிற்று வலி வரும்.

2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அது பணத்தை வீணாக்கியதா இல்லையா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருந்த ஓட்டு வீடுகளிலும் டிவி வந்தது, பின்னாலேயே கேபிள் கம்பியும் வந்தது. அந்த வருடம்தான் விஜய் டிவியில் பள்ளிப் பிள்ளைகளின் கதையாகக் 'கனா காணும் காலங்கள்' வரத் தொடங்கியது. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பாடத்தை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள். நட்பு, காதல், பரீட்சை எல்லாம் அந்தத் தொடரில் இருந்தது. நான் பார்த்த வரையில், திங்கட்கிழமை வயிற்று வலி வரும் பையன் அந்த வகுப்பில் இல்லை.

2008 பிப்ரவரி கடைசியில் அதே விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' வந்தது. நடத்தியவர் ரோஸ் வெங்கடேசன். பொறியியல் படித்து, அமெரிக்காவில் லூசியானாவில் உயிர்மருத்துவப் பொறியியலில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய திருநங்கை. புடவை கட்டிக்கொண்டு, தெளிவாகப் பேசினார். வீட்டுக் கூடத்தில் நாம் பேசாத விஷயங்களைப் பற்றி வந்தவர்களிடம் கேள்வி கேட்டார்.

இந்தக் கேள்வி கேட்டதுதான் பெரிய விஷயம். அதுவரை டிவியில் இவர்கள் வந்தாலும் சிரிப்பதற்காக வருவார்கள், இல்லையென்றால் பரிதாபத்துக்காக வருவார்கள். யாரோ ஒருவர் கேட்பார், இவர்கள் அழுதுகொண்டே பதில் சொல்வார்கள். ரோஸ் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கேட்டார். வகுப்பறையில் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

இதெல்லாம் திடீரென்று நடக்கவில்லை. 2006 டிசம்பரிலேயே, பாலின அடையாளத்தைக் காரணம் காட்டிப் பள்ளி கல்லூரிகளில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று அரசாணை வந்தது. 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' புத்தகம் வந்தது. 2008 ஏப்ரலில், ரோஸ் நிகழ்ச்சி தொடங்கி இரண்டு மாதத்துக்குள், இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. கலைஞர் ஆட்சியில் 'திருநங்கை' என்ற சொல் அரசுச் சொல்லாகி, செய்தித்தாளுக்கும் டிவிக்கும் பரவியது. 'திரு'வும் 'நங்கை'யும் சேர்ந்த சொல். வாயில் வைத்தால் திட்டுகிற மாதிரி வராது. தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், நம் காலத்தில் பிறந்த நல்ல சொற்களில் இது ஒன்று.

ஒரு சொல் இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பில் பாதியில் காணாமல் போனது. பதிவேட்டில் 'நீண்ட நாள் வருகை இல்லை' என்று எழுதிப் பெயரை நீக்கினோம். (யார் என்று தேடாதீர்கள். ஊரும் வருடமும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.) பல வருடம் கழித்து எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினாள். ஆமாம், பேசினாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"அம்மாகிட்ட என்னன்னு டீச்சர் சொல்றது? எங்க வீட்ல இருந்தது ஒரே வார்த்தை, அது திட்டுற வார்த்தை. அதைச் சொல்லி நான் அதுதான்னு எப்படிச் சொல்ல? ரோஸ் வந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். டிவியைக் காட்டி, நான் இவங்க மாதிரிம்மான்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அந்தம்மா அமெரிக்கா போயிப் படிச்சவங்கடா, நீ எட்டாவதுன்னாங்க."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா "நீ அப்படி இல்லை" என்று சொல்லவில்லை. அடிக்கவும் இல்லை. படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார், எல்லா அம்மாவையும் போல. சொல் கிடைத்துவிட்டது. அடுத்து வழி வேண்டும், நம் சேலத்துப் பிள்ளைக்கும் இது முடியும் என்று காட்ட ஆள் வேண்டும்.

அந்த ஆள் சேலத்திலிருந்தே வந்தார். பிரித்திகா யாஷினி. சேலத்தில் பி.சி.ஏ. படித்தவர். விவரம் தெரிந்தபோது பெற்றோர் கோயிலுக்கும் டாக்டரிடமும் ஜோசியரிடமும் கூட்டிப் போனதை அவரே சொல்லியிருக்கிறார். பிறகு வீட்டை விட்டுச் சென்னைக்குப் போனார், விடுதிக் காப்பாளராக வேலை பார்த்தார். 2015இல் சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டம்தான் இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எழுத்துத் தேர்வுக்கு ஒரு வழக்கு, உடல்தகுதித் தேர்வில் ஓட்டத்தில் ஒரு வினாடியும் கொஞ்சமும் பிந்தியதற்கு இன்னொரு போராட்டம். 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் பக்கத்துத் தர்மபுரியில் சப் இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றார். நாட்டின் முதல் திருநங்கை சப் இன்ஸ்பெக்டர் என்று எல்லா சேனலிலும் காக்கிச் சட்டையோடு காட்டினார்கள். எட்டாவதோடு நின்ற என் மாணவியின் அம்மா அதைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

இடையில் 2014 சுதந்திர தினத்தன்று கோவை லோட்டஸ் டிவியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பாடமானார். சினிமா ஒரு அடி முன்னே வைத்தால் இரண்டு அடி பின்னே வைத்தது. 2011 'காஞ்சனா'வுக்குப் பிறகு என் வகுப்பில் கேலி குறைந்து ஒரு பயமும் மரியாதையும் வந்ததைப் பார்த்தேன். 2015 தொடக்கத்தில் 'ஐ' வந்தது, திங்கட்கிழமைகள் பழையபடி ஆயின. அந்தப் படத்தை எதிர்த்துத் திருநங்கைகள் சென்னையில் போராட்டம் நடத்தினார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது பிக் பாஸ். அந்த நிகழ்ச்சியில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது, பேத்திக்காக உட்கார்ந்தேன். 2021இல் நமீதா மாரிமுத்து வந்தார். வீட்டில் தான் பட்டதை அவர் சொன்ன இரவு எங்கள் கூடத்தில் சத்தமே இல்லை. சில நாளில் நிகழ்ச்சியை விட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் ஷிவின் கணேசன் வந்தார். அவர் அழுது காட்டவில்லை. சண்டை போட்டார், வாதாடினார், விளையாடினார், 2023 ஜனவரியில் இறுதிப் போட்டி வரை நின்றார். கவனித்தீர்களா? கதை சொல்ல வந்தவராக இல்லாமல், போட்டிக்கு வந்த ஆளாக இருந்தார். எங்கள் தெருவில் அவருக்கு ஓட்டுப் போட்ட பாட்டிகளை எனக்குத் தெரியும்.

இது வரைக்கும் நான் எழுதியது பெரும்பாலும் திருநங்கைகளைப் பற்றியே. அதுதான் என் மனதை உறுத்துவது. திருநம்பிகளை டிவியில் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? ஆணை விரும்பும் ஆண் பிள்ளைக்கும் பெண்ணை விரும்பும் பெண் பிள்ளைக்கும் நம் டிவி என்ன செய்தது? கூவாகம் போல அவர்களுக்கு ஒரு கோயிலும் இல்லை, ரோஸ் போல ஒரு நாற்காலியும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1997இலேயே எலன் டிஜெனரஸ் தன் நகைச்சுவைத் தொடரில் அதைச் சொல்லிவிட்டார். 2009இல் வந்த 'க்ளீ' தொடரில் மகன் தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொல்கிறான், மெக்கானிக் வேலை பார்க்கும் அந்த அப்பா, எனக்கு எப்போதோ தெரியும் என்கிறார். 2022இல் 'ஹார்ட்ஸ்டாப்பர்' என்று பள்ளிப் பையன்கள் கதை. இதையெல்லாம் நம் பிள்ளைகள் போனில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கூடத்தில் நம் மாமியார் மருமகள் தொடர் ஓடுகிறது. தமிழில் 2021 நவம்பரில் 'மகிழினி' என்று ஒரு பாட்டு வீடியோ வந்தது. '96' படத்தில் சின்ன ஜானுவாக வந்த கௌரி கிஷனும் அனகாவும் நடித்தது. நடனம் படிக்கும் இரண்டு பெண்கள், வீட்டில் சொல்வது வரைக்கும் கதை. அதுவும் யூடியூபில்தான். கூடத்து டிவிக்கு வரவில்லை.

டிவி செய்யாததை நீதிமன்றம் செய்தது. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தானே ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களோடு பேசினார், அவர்களைத் தன் குருக்கள் என்று எழுதினார். நாற்காலியில் இருப்பவர் பெஞ்சில் போய் உட்கார்ந்த மாதிரி. நாற்பது வருடத்துக்குப் பக்கமாக நாற்காலியில் இருந்தவள் நான், அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

2021 ஜூன் 7 உத்தரவில், இவர்களை 'குணப்படுத்துகிறேன்' என்று மருத்துவம் பார்ப்பதைத் தடை செய்யச் சொன்னார். காவல்துறை தொல்லை தரக் கூடாது என்றார். பள்ளிகளுக்கும் ஒரு பகுதி உண்டு. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், பாலின வேறுபாடற்ற கழிப்பறை வேண்டும், சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி வேண்டும், ஆலோசகர் வேண்டும். 2022 ஆகஸ்டில் பால்புதுமையர், ஊடுபால் போன்ற சொற்களோடு ஒரு சொற்பட்டியலைத் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகைகள் கேலியாக எழுதாமல் இருப்பதற்காக.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. 2021 கடைசியில் என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது, திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி நடத்த வேண்டும் என்று. எதிர்ப்பு வந்ததும் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே நீதிபதி அதைக் கண்டித்தார். 2006 அரசாணை எங்கள் அலமாரியில் கிடந்ததையும் நான் பார்த்தவள்தான்.

உங்களில் பலர் இப்போது பெற்றோர், சிலர் ஆசிரியர்கள். எட்டாம் வகுப்பில் பாதியில் நிற்கும் பிள்ளைக்கு நாம் எழுதும் காரணம் எப்போதும் 'குடும்பச் சூழல்' என்பதே. அந்தச் சூழல் என்ன என்று ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச முடியுமா என்று என் பழைய மாணவன் ஒருவன், இப்போது அரசுப் பள்ளி ஆசிரியர், சில மாதம் முன்பு கேட்டான். உத்தரவின் தேதியைக் கொடுத்தேன். பேசினானாம். இருபது பேர் வந்தார்களாம். யாரும் எழுந்து போகவில்லை, யாரும் கேள்வியும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா மட்டும் திரும்பி வந்து, "அந்தப் பேரு என்ன சார் சொன்னீங்க, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேட்டாராம். எழுதிக் கொடுத்திருக்கிறான்.